கையெழுத்திட்டாரா, இடச் சொன்னாரா?

ஸ்பானிய மொழியில் வரும் கூட்டக் குறிப்புகளும் ஒப்பந்தக் கடிதங்களும் மொழிபெயர்க்கப்பட்ட பிறகு, அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பணி. அதில் என்னை மீண்டும் மீண்டும் நிறுத்தி வாசிக்க வைப்பது, இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் எனப்படும் வினைவடிவம்; நடந்ததை உறுதியாகச் சொல்லாமல், வேண்டுதலையோ ஐயத்தையோ கற்பனையையோ காட்டும் ஓர் இறந்தகால உருவம் அது.

இதை உருவாக்குவது எளிது. கையெழுத்திடுவதைக் குறிக்கும் 'ஃபிர்மார்' என்ற ஒழுங்கான வினையில், 'அவர்கள் கையெழுத்திட்டார்கள்' என்பதற்கு 'ஃபிர்மாரோன்' என்று வரும். அதிலிருந்து 'ரோன்' என்ற இறுதியை நீக்கி, ரா, ராஸ், ரா, ராமோஸ், ராயிஸ், ரான் ஆகிய விகுதிகளைச் சேர்த்தால் தன்மை, முன்னிலை, படர்க்கை என எல்லா இடங்களுக்கும் வடிவம் கிடைத்துவிடும். 'ஏர்', 'ஈர்' என முடியும் வினைகளுக்கும் இதே வழிதான். 'ரா'வுக்குப் பதிலாக 'சே' வரும் இன்னொரு வரிசையும் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்து சோர்ந்துபோகிறார்கள். லத்தீன் அமெரிக்கக் கடிதங்களில் 'ரா'வே பெரிதும் புழங்குவதால், 'சே'யைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும், எழுதும்போது 'ரா'வையே எழுதுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சிக்கல் பொருளில் இருக்கிறது. 'மேலாளர் கேட்டுக்கொண்டார்' என்பதைத் தொடர்ந்து 'கே ஃபிர்மாரா' ('கே' என்பது 'என்று' போன்ற இணைப்புச் சொல்) என்று வந்தால், வாடிக்கையாளர் கையெழுத்திட வேண்டும் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார் என்பது மட்டுமே பொருள். வாடிக்கையாளர் உண்மையில் கையெழுத்திட்டாரா என்பதைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் கூறவில்லை. ஆனால் வடிவம் இறந்தகால வினையின் அடியிலிருந்து பிறந்திருப்பதால், அவசரத்தில் வாசிப்பவர் அதை முடிந்த செயலாகவே எடுத்துக்கொள்கிறார், கோரிக்கை நிகழ்வாகிவிடுகிறது.

'சொன்னார்' என்னும் பொருள் தரும் 'தீஹோ' முன்னால் வந்தால் இன்னும் கவனம் தேவை. 'தீஹோ கே ஃபிர்மாரா' என்றால் கையெழுத்திடச் சொன்னார். 'தீஹோ கே ஃபிர்மரா' என்றால் கையெழுத்திடுவதாகச் சொன்னார். பேச்சில் முன்னது நடு அசையிலும் பின்னது இறுதி அசையிலும் அழுத்தம் பெறும். எழுத்தில் பின்னதன் கடைசி உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு விழும், அவ்வளவுதான் வேறுபாடு. கைபேசியில் தட்டச்சு செய்பவர்கள் பலர் அந்தக் கோட்டைப் போடுவதில்லை. ஆகவே இந்தச் சொல்லைக் காணும்போதெல்லாம் கையெழுத்திட வேண்டியவர் யார் என்று முன்பின் வாக்கியங்களில் தேடுகிறேன். அங்கும் தெளிவு கிடைக்காவிட்டால் அனுப்பியவரிடமே கேட்டுவிடும்படி சொல்கிறேன். பொறுப்பு யாருடையது என்பதே அங்கு கேள்வி என்பதால், ஊகித்து எழுத எனக்கு மனம் வருவதில்லை.

பாடநூல்கள் பெரும்பாலும் 'ஆல்' என்னும் பொருள் தரும் 'சி' என்ற சொல்லில் தொடங்கும் நிபந்தனை வாக்கியங்களை முன்னிறுத்துகின்றன. 'நாளை ஃபிர்மாரா என்றால் அனுப்புவோம்' என்ற அமைப்பில் காலம் நாளையாக இருந்தும் வினை இறந்தகால உருவத்தில் நிற்கும். அது நடக்கும் என்று எழுதியவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்பது அதில் தெரியும். நிகழ்கால வடிவமான 'ஃபிர்மா' வந்திருந்தால் வாய்ப்பு திறந்தே இருக்கிறது. தமிழில் இரண்டும் 'கையெழுத்திட்டால்' என்றே முடிந்துவிடும் என்பதால், பேரம் பேசும் கடிதங்களில் 'ஒருவேளை' என்பதையோ 'அப்படியே' என்பதையோ சேர்த்து அந்தத் தயக்கத்தைக் காட்டச் சொல்கிறேன். ஆயினும் அலுவலகம் அதிகம் எழுதுவது கோரிக்கைகளையும் அறிவுறுத்தல்களையும்தான். கற்பிப்பவர் அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

இத்தனைக்கும் ஒரு விலக்கு உண்டு. செய்தித்தாள் நடையில் 'அவர் 2010-இல் ஃபிர்மாரா ஒப்பந்தம்' என்பது போல வந்தால், அது உண்மையாகவே முன்பு கையெழுத்தான ஒப்பந்தம். 'ரா' வடிவம் லத்தீனில் முடிந்த செயலைக் குறித்த ஒரு வினைவடிவத்திலிருந்து வந்தது. அந்தப் பழைய பொருள் இங்கே எஞ்சி நிற்கிறது. அலங்காரத்துக்காகச் செய்யப்படும் இந்தப் பிரயோகம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் நிறுவனங்களின் ஊடக அறிக்கைகளில் அது வந்துகொண்டே இருப்பதால், வினைக்கு முன்னால் கேட்டல், விரும்பல், ஐயுறல் போன்ற ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த வரியை 'சரி' என்று குறிக்கிறேன்.