தொடாத கட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகம். நெல் விவசாயிகளின் விவரங்களைப் பதியும் இணையச் சேவையை நான்தான் பார்த்துக்கொண்டேன். பிசான நடவு நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதம், கல்லிடைக்குறிச்சியில் பதிவு வேலை பார்த்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தாத்தா போன் நம்பரை நேத்தே மாத்துனேம்லா. இன்னைக்குப் பார்த்தா பழைய நம்பரே கிடக்கு."

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவாகும் லாக்கைப் பார்த்ததும் புரிந்தது. அக்கா நம்பரை மாற்றுவதற்கு முன்பே சேரன்மகாதேவியில் இன்னொருவர் அதே பதிவைத் திறந்து வைத்திருக்கிறார். அவர் திருத்தியது நிலப் பரப்பு ஒன்றைத்தான். ஆனால் எங்கள் படிவம் சேமிக்கும்போது எல்லாக் கட்டங்களையும் புட் (PUT) முறையில், அதாவது பழைய பதிவை முழுதாக மாற்றிவைக்கும் முறையில், மொத்தமாக அனுப்பிவிடும். அவர் திரையிலிருந்த பழைய நம்பர், அக்கா போட்ட நம்பரின் மேல் ஏறிவிட்டது. தப்பு அவர்கள் இருவரிடமும் இல்லை, நான் எழுதிய நிரலில்.

மாறியதை மட்டும் அனுப்பத்தான் பேட்ச் (PATCH) முறை இருக்கிறது. 2010 மார்ச்சில் ஆர்எஃப்சி 5789 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்தது. சரி, மாற்றினேன். அப்புறம் அடுத்த சிக்கல். பேட்சில் மாற்றங்களை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஜேசன் மெர்ஜ் பேட்ச் விதிப்படி, ஒரு கட்டம் வரவே இல்லை என்றால் அதைத் தொடக்கூடாது. 'நல்' (null, வெற்று மதிப்பு) என்று வந்தால் அழிக்க வேண்டும். என் நிரல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. தவறான வங்கிக் கணக்கு எண்ணை எத்தனை முறை அழித்தாலும் அது திரும்பி வந்து நின்றது.

ஒரே கட்டத்தை இருவர் மாற்றினால் பேட்ச் மட்டும் போதாது. பதிவோடு வரும் ஈடேக்கை (பதிவு மாறினால் தானும் மாறும் அடையாளக் குறி), சேமிக்கும்போது இஃப்-மேட்ச் என்ற கோரிக்கைத் தலைப்பில் திருப்பி அனுப்பச் செய்தேன். இடையில் யாராவது மாற்றியிருந்தால் சர்வர் 412 என்ற பிழை எண்ணைச் சொல்லி மறுத்துவிடும். அப்போது வெறுமனே 'பிழை' என்று காட்டுவது அநியாயம். இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது சரி என்று கேட்க வேண்டும்.

சேமிக்காத எழுத்துதான் என்னை அதிகம் உறுத்தியது. வரப்பில் நின்று பாதிப் படிவம் நிரப்பும்போது அழைப்பு வரும். பேசி முடித்துத் திரும்பினால் பக்கம் புதிதாகத் திறந்து காலியாக நிற்கும். 'வெளியேறவா?' என்று கேட்கும் எச்சரிக்கையைக் கைப்பேசியில் நம்ப முடியாது. அதனால் தட்டச்சு நின்ற சில நொடிகளில் வரைவை உலாவிக்குள்ளேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தேன், சேமித்ததும் அதை அழித்தேன். எந்த ஈடேக்கின் மேல் எழுதிய வரைவு என்பதையும் கூடவே வைத்தேன். இல்லாவிட்டால் மூன்று நாள் பழைய வரைவு ஒன்று வந்து, தாத்தாவின் நம்பரை மறுபடி மாற்றிவிடும்.