'அல்ஜியர்ஸ் யுத்தம்' பார்க்கப் போகிறவர்களுக்கு

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் நடத்திய விடுதலைப் போரைப் பற்றிய படம். 1966ல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ எடுத்தது. அசல் செய்திப்படக் காட்சி இதில் ஒரு அடிகூடக் கிடையாது. அத்தனையும் நடித்து எடுத்ததுதான். நெகட்டிவிலிருந்து நகல் நெகட்டிவ் போட்டு, செய்திப்படம் போலத் தெரிய வேண்டுமென்றே கிரெயினை (படச்சுருளில் தெரியும் பொடிப்புள்ளிகளை) ஏற்றியிருக்கிறார்கள். டிவியில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' ஓடினால் அந்தச் சொரசொரப்பு போய் முகமெல்லாம் மெழுகாகிவிடும். அணைத்துவிட்டுப் பாருங்கள்.

முதல் காட்சி 1957. உடனே 1954க்குத் தாவும். தேதியைக் கவனிக்காவிட்டால் குழப்பம்தான்.

பிரெஞ்சு ராணுவக் கர்னல் மாத்யூவாக வரும் ழான் மார்த்தான் தொழில்முறை நடிகர். போராளித் தலைவர் ஜாஃபராக வருகிற சாதி யாசெஃப், பிரான்ஸை எதிர்த்துப் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியை அல்ஜியர்ஸில் நிஜமாகவே நடத்தியவர். படத்தின் தயாரிப்பிலும் இருந்தார். (கையெறி குண்டும் கால்ஷீட்டும் ஒரே ஆளிடம்!) போட்டி விடுதலை இயக்கத்தின் தலைவர் மெஸாலி ஹாஜின் ஆட்களோடு முன்னணி நடத்திய ரத்தக்களறி படத்தில் இல்லை. அதைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.