ராமமூர்த்தி நகரில் பொடுதலை

பெங்களூருக்கு வந்த புதிதில் கன்னடத்தைவிட என்னை மிரட்டியது வாசலில் இருந்த புல்தான். அம்பாசமுத்திரத்தில் முற்றம் என்றால் சாணி தெளித்துக் கோலம் போடும் இடம். இங்கே ராமமூர்த்தி நகர் வாடகை வீட்டின் முன்னால் பத்துக்குப் பதினைந்தடியில் கொரியன் புல். சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்கார அம்மா, "ஹுல்லு ஒணகபாரது" என்றார். புல் காயக் கூடாதாம்.

காய்ந்தது. 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தோம். குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வேறு. அரிசி கழுவிய தண்ணீர் எத்தனை அடிக்குக் காணும்? ஏப்ரலில் புல் தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டது.

புல்லுக்குப் பதிலாக 'லிப்பியா' என்ற தரையில் படரும் கொடியை வைக்கலாம் என்று படித்து, அதன் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஏட்டி, இது நம்ம குளத்தங்கரைப் பொடுதலைல்லா! இதைக் காசு குடுத்தா வாங்குவ?" மே கடைசியில் ரயிலேறி வந்தாள். பையில் முறுக்கு, அதற்கடியில் ஈரச் சாக்கில் சுற்றிய பொடுதலைக் கொடிகள்.

கோரைக் கிழங்கைத் தோண்டி எடுக்கத்தான் இரண்டு நாள் முழுசாகப் போனது. அதை விட்டுவைத்தால் எதை நட்டும் பயனில்லை. அப்புறம் இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாகக் கிள்ளி, அடிக்கு ஒன்றாகப் பதித்தோம். பொடுதலை தரையைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். முதல் சில வாரம்தான் தண்ணீர் கேட்டது. மழை பிடித்ததும் நான் குழாயை மறந்தேன். ஆவணி முடிவதற்குள் மண் தெரியவில்லை. இலையின் நுனிப் பாதியில் மட்டும் ரம்பப் பல். பூவோ குட்டித் திப்பிலி போல நின்று, இடுப்பில் மட்டும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வளையம் கட்டுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பூக்கு வரும் தேனீயை மிதித்து மகன் ஒரு நாள் கத்தித் தீர்த்தான். பூ இருக்கும் மாதங்களில் செருப்பு கட்டாயம். சப்போட்டா நிழலில் கொடி இளைத்தே கிடக்கிறது. அதற்கு வெயில் வேண்டும். ஓரத்தை மாதம் ஒருமுறை வெட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு லிப்பியா ஆற்றுச் சமவெளிகளில் பரவி, பெரிய தொல்லையாகவே ஆகியிருக்கிறது.

வீட்டுக்கார அம்மா முதலில் பார்த்துவிட்டு "இது களெ" என்றார். களை. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பொடுகுக்கு இதை எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்போம் என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். போன வாரம் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கிறார், எண்ணெய் இருக்கிறதா என்று.