தடைக்காலக் கணக்கும் விழிக்காத லேப்டாப்பும்

"மதர்போர்டு போயிருச்சுண்ணே. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும். டேட்டா வேணும்னா அதுக்குத் தனி." ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் என்னிடம் சொன்னது இது. பின்மூடியின் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சொன்னது. அன்றைக்குத் தலையை ஆட்டியிருந்தால் பணமும் போயிருக்கும், கணக்கும் போயிருக்கும்.

நான் பாம்பனில் நண்டும் கணவாயும் வாங்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கொட்டகை, இரண்டு தராசு, வரிசையாக ஐஸ் பெட்டிகள், மூலையில் என் மேசை, அவ்வளவுதான். ஏப்ரல் 15 பிறந்தால் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், விசைப்படகு கரையில் கிடக்கும். தடை தொடங்குவதற்குள் படகுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்கு முடித்து, வாங்கிய முன்பணத்தைக் கழித்து, மீதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு மாதம் வீட்டுச் செலவு அதில்தான் ஓடும் என்பதால் யாரும் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள். அந்த 23 படகுக் கணக்கும் லேப்டாப்பில் ஒரே எக்செல் கோப்பில் இருந்தது.

ஏப்ரல் 13 மாலை கரண்ட் போனது. பேட்டரி 9 சதவீதம் காட்டியது. இன்னும் இரண்டு படகுதானே என்று தட்டிக்கொண்டே இருந்தேன். 6 சதவீதம் ஆகும்போது நண்டு எடை போட வெளியே கூப்பிட்டார்கள். மூடியைச் சாத்திவிட்டுப் போனேன். சேமிக்கவில்லை. மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி வைத்திருந்தேன், அந்தத் தைரியம். மூன்று வருடமாக அப்படித்தான்: திறந்தது திறந்தபடி இருக்கும், மறுநாள் விட்ட இடத்தில் தொடங்குவேன். கோப்பைச் சேமிக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

இரவு ஏழரைக்குக் கரண்ட் வந்தது. சார்ஜரைச் சொருகி பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது, கீழே புள்ளிகள் சுற்றின, அப்புறம் இருட்டு. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி அதே இருட்டு. எட்டு மணிக்குப் பஸ் ஏறி ராமேஸ்வரம் போனேன்.

அங்கே கேட்டதுதான் முதலில் எழுதிய வசனம். காரணம் கேட்டதற்கு "உப்புக்காத்து" என்றார். எங்கள் பக்கம் சைக்கிள் செயின் அறுந்தாலும், டிவி புகைந்தாலும், ஸ்கூட்டர் கிளம்பாவிட்டாலும் உப்புக்காற்றுதான். பொய் என்று சொல்லமாட்டேன். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் சார்ஜர் முனை பச்சை பூத்துப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சாயங்காலம் வரை ஓடிய மெஷினைத் திறந்துகூடப் பார்க்காமல் உப்பு என்றால் எப்படி? "ஒரு ஃபார்மட் போட்டுப் பார்ப்போமா?" என்று வேறு கேட்டார். நல்லவேளை, வேண்டாம் என்று வாய் வந்தது. பார்த்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், சிரித்தார்.

இதே நிலையில் யாராவது இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள். டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும் ஃபார்மட்டுக்கு, காரணம் தெரியும்வரை சம்மதிக்காதீர்கள்.

மறுநாள் காலை ராமநாதபுரம் கிளம்பினேன். அங்கே நாலைந்து கடை இருக்கிறது, யாராவது திறந்து பார்ப்பார்கள் என்று நம்பிக்கை. பாலத்தில் பஸ் நின்றது. சுற்றுலா வந்த கார்கள் ஓரமாக நிற்க, ஜனம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் அது. கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே எழும்பி, போனதும் பழைய இடத்தில் வந்து உட்காரும். அவ்வளவு பெரிய இரும்பு ஒழுங்காக எழும்பி இறங்குகிறது, என் மடியில் இருக்கிற ரெண்டு கிலோ எழும்பவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

ராமநாதபுரத்தில் இறங்கிப் பார்த்தால் கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. அப்போதுதான் உறைத்தது. ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. காலையில் வீட்டில் வேப்பம்பூ வாங்கிவரச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், அப்போதும் தோன்றவில்லை. வேப்பம்பூவோடு திரும்பினேன். பஸ்ஸில் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். "நோட்டுல எழுதியிருந்தா இந்தப் பாடு உண்டாப்பா?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வருடப்பிறப்பு வாழ்த்துச் சொல்ல அக்கா மகள் கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. நான் வாழ்த்துக்குப் பதிலாகப் புலம்பலைக் கொட்டினேன். அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"மாமா, கேப்ஸ் லாக் அமுக்குனா அந்தக் குட்டி லைட்டு எரிஞ்சு அணையுதா?"

இல்லை. எரிந்து அணைந்தால் மெஷின் முழித்திருக்கிறது, திரைதான் கோளாறு என்று அர்த்தமாம். அப்படி இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரைக்கான டிரைவர் புதிதாகத் தொடங்கும். மங்கலாக ஏதாவது தெரிகிறதா என்று போன் டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தும் பார்க்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை. சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். அதற்கும் அசையவில்லை.

அப்புறம்தான் விஷயத்தை விளக்கினாள். ஸ்லீப் போட்டால் வேலை எல்லாம் ராம் என்கிற தற்காலிக நினைவகத்தில் இருக்கும், அதற்குக் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். ஹைபர்நேட்டில் ராமில் இருப்பதைச் சி டிரைவில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு மெஷின் முழுக்க அணைந்துவிடும். எட்டு ஜிபி ராம் உள்ள என் மெஷினில் அந்தக் கோப்பு மூன்று ஜிபிக்கு மேல். 6 சதவீதம் காட்டிய கிழட்டு பேட்டரி, அதை எழுதி முடிப்பதற்குள் நின்றிருக்கிறது. பாதி எழுதிய கோப்பைப் படிக்கப் போய்த்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. "மதர்போர்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கும் மாமா, இல்லன்னா லோகோ வரைக்கும் வராது" என்றாள்.

அந்தக் கோப்பைத் தூக்கிவிட்டால் மெஷின் புதிதாகத் தொடங்கும். தூக்குவதற்கு உள்ளே போக வேண்டுமே! லோகோ வரும்போதே பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி மூன்று தடவை செய்தால், அடுத்த முறை விண்டோஸ் தானாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். மூன்றாவது தடவைக்கு அப்புறம் நீலத் திரை வந்தபோது எனக்குக் கத்தலாம் போல் இருந்தது. டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று வரிசையாகப் போனேன்.

உடனே ஒரு திரை வந்து பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்டது. 48 இலக்கம்.

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும் சாவி இல்லாமல் திறக்காது. "டேட்டாவுக்குத் தனி" என்று சொன்னவர் என்ன செய்திருப்பார் என்று இப்போது யோசித்தால் வயிறு கலங்குகிறது.

சரி, எங்கள் மெஷினில் போட்ட மைக்ரோசாஃப்ட் கணக்கு யாருடையது? வாங்கிய அன்று முதலாளியின் மகன் தன் மெயிலைப் போட்டுத்தான் எல்லாம் அமைத்தான். அவன் மதுரையில் படிக்கிறான். ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சினிமாவில் இருந்திருக்கிறான். பத்தேகாலுக்கு அவனே கூப்பிட்டான். கணக்கில் நுழைந்து சாவியைப் படித்தான், ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூறு. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அடித்தேன். ஏற்கவில்லை. மறுபடி முழுதும் அடித்தேன். ஏற்கவில்லை. அவன் கணக்கில் இரண்டு மெஷின் இருந்திருக்கிறது, படித்தது அவனுடைய லேப்டாப் சாவி! சாவி கேட்கும் அதே திரையில் கீ ஐடி என்று ஒன்று போட்டிருக்கும். அதன் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் இருக்கிற ஐடியும் ஒன்றா என்று பார்த்துவிட்டு அடித்தால் இந்த அரை மணி நேரம் மிச்சம். இரண்டாவது சாவி ஒரே அடியில் திறந்தது.

கமாண்ட் பிராம்ப்ட்டின் கறுப்புத் திரையில் அக்கா மகள் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். அந்த இடத்தில் சி டிரைவ் என்பது சி என்றே இருக்கும் என்று நம்பக் கூடாது, எழுத்து மாறியிருக்கலாம். எனக்கு டி என்று மாறியிருந்தது. முதலில் டிஐஆர் போட்டு நம் ஃபோல்டர்கள் தெரிகிற டிரைவ் எது என்று பார்த்துக்கொண்டோம். பிறகு ஹைபர்ஃபில், புள்ளி, சிஸ் (hiberfil.sys) என்ற கோப்பை டெல் கட்டளையால் அழித்தேன். அது மறைத்து வைத்த கோப்பு. டெல் போட்டு இடம் விட்டு, ஸ்லாஷ், ஏ, முக்காற்புள்ளி, எஸ், எச் சேர்த்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். எக்ஸிட் அடித்து வெளியே வந்து, கன்டின்யூ அழுத்தினேன்.

டெஸ்க்டாப் வந்தது. இரவு 11.20.

திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் போயிருந்தன, அது தெரிந்ததுதான். எக்செல்லைத் திறந்தேன். இடது பக்கம் மீட்ட கோப்புகள் என்று ஒரு பட்டை, அதில் என் கோப்பு, நேரம் 5.42. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். அந்தப் பட்டையைப் பார்த்ததும் முதல் வேலையாகச் சேமியுங்கள். நான் அக்கா மகளிடம் சந்தோஷத்தில் பேசப் போக, அவள்தான் "முதல்ல சேவ் பண்ணுங்க மாமா" என்று அதட்டினாள். மூன்று படகுதான் விட்டுப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து நண்டு வாடை அடிக்கிற துண்டுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்து அடித்து முடிக்க இரவு ஒன்றரை ஆனது.

மறுநாள் செய்த காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி (powercfg) என்று சேர்த்து அடித்து, இடம் விட்டு ஸ்லாஷ் எச், மறுபடி இடம் விட்டு ஆஃப். பிறகு அதையே ஆன். பழைய ஹைபர்நேட் அமைப்பு கலைந்து புதிய கோப்பு உருவாகும். அதே கட்டளையோடு ஸ்லாஷ் பேட்டரிரிப்போர்ட் என்று போட்டால் பேட்டரியின் ஜாதகம் வரும். 41,000 மில்லிவாட் மணி கொள்ளும் என்று வாங்கியது, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினாலும் 15,000 சொச்சம்தான். 6 சதவீதம் என்று அது காட்டியதை இனி யார் நம்புவது! பவர் ஆப்ஷன்ஸின் உள்ளே போய், மெஷின் தானே ஹைபர்நேட்டுக்குப் போகிற கிரிட்டிக்கல் பேட்டரி அளவை 5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினேன். பாதியில் சாகாமல் எழுதி முடிக்க அவ்வளவாவது வேண்டும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிட்டேன். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி ஹைபர்நேட் கோப்பில்தான் போய் ஒளிந்துகொள்கிறது. நிஜமாக அணைந்து எழுவது ரீஸ்டார்ட்டில்தான். "தினமும் ஆஃப் பண்ணித்தானே வைக்கிறேன்" என்று நான் இத்தனை வருடம் சொன்னதற்கு அர்த்தமே இல்லாமல் போனது.

புது பேட்டரி 2,600 ரூபாய். ராமநாதபுரத்தில், திறந்திருந்த நாளில் போய் மாற்றினேன். பின்மூடியைக் கழற்றியவர் உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, "பாம்பன்னு சொல்றீங்க, உப்பே காணோமே" என்றார்.

48 இலக்கத்தைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, முதலாளியின் பெட்டியில் வைத்துவிட்டேன். நோட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. திறந்து பார்த்தவர், "இதுல எந்தப் படகுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.