சட்டத்தைக் கழற்றிய பிறகு தெரிந்தவை

என் சேகரிப்பில் சமீபத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. இருப்பவற்றைத் திருப்பிப் பார்ப்பதில்தான் பொழுது போனது. பழைய இங்கிலாந்துப் பீங்கானோ பூத்தையலோ எதுவானாலும், பின்புறத்தைப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சாம்ப்ளர். சிறுமிகள் தையல் பழகுவதற்காக எழுத்துகளையும் எண்களையும் பூ, பறவை உருவங்களையும் நூலால் போட்டுப் பார்த்த துணி அது. தேதி தைக்கப்பட்டு எஞ்சியிருக்கும் பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது 1598ஆம் ஆண்டினது. ஜேன் போஸ்டாக் தைத்த அந்தத் துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அவை சுருட்டி வைக்கும் நீண்ட பட்டைகளாக இருந்தன. பிறகுதான் சதுரமாகி, கரை பெற்று, சுவருக்கு ஏறின. என்னிடம் இருப்பது 19ஆம் நூற்றாண்டுத் துண்டு: லினன் துணி, பட்டு நூல், குறுக்குத் தையல்.

சட்டத்தின் பின்பலகையை எடுத்ததும் திகைத்துப் போனேன். முன்னால் வெளிறிய நீலமாகத் தெரிந்த இலைகள் பின்னால் நல்ல பச்சை! மஞ்சளும் நீலமும் ஏற்றித்தான் அந்தக் காலத்தில் பச்சை கொண்டுவந்தார்கள். வெளிச்சம் பட்டதும் மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் தங்கும். மானின் கண் இருக்க வேண்டிய இடத்தில் நூலே இல்லை, ஊசித் துளைகள் மட்டும்தான். கறுப்புச் சாயத்தில் இரும்பு உப்பு சேர்ப்பார்கள். காலப்போக்கில் அது பட்டு நூலையே இற்றுப்போகச் செய்துவிடும்.

ஆண்டைக் குறிக்கும் இடத்தில் 18 மட்டும் இருந்தது. மற்ற இரண்டு இலக்கங்களை யாரோ பொறுமையாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். வளர்ந்த பெண்கள் தங்கள் வயது தெரியாமலிருக்க இப்படிச் செய்வதுண்டு. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த நூல் துணுக்குகளையும் துளைகளின் வரிசையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது இலக்கம் 3 அல்லது 8. அதற்கு மேல் துணி பேச மறுக்கிறது.

பின்பலகையின் அமிலம் துணியில் பழுப்புப் பட்டையாக இறங்கியிருந்தது. துவைக்கும் எண்ணம் எனக்கு எழவே இல்லை. பழைய சிவப்புச் சாயம் ஈரம் பட்டால் ஓடிவிடலாம். பசையும் கிடையாது. வெளுக்காத பருத்தித் துணியின் மேல் வைத்து, லினன் இழைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக மட்டுமே ஊசியை விட்டு, மெல்லிய நூலால் ஓரங்களைப் பிடித்தேன். பின்னால் அமிலமற்ற அட்டை. கண்ணாடி தையலைத் தொடாதபடி உள்விளிம்பில் இடைவெளிப் பட்டை. துணிகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் ஒளி வரம்பு 50 லக்ஸ். ஆகவே ஜன்னல் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுத்தேன்.

பீங்கானில் வேலை குறைவு, மகிழ்ச்சி அதிகம். நீலச் சித்திரத் தட்டைக் கவிழ்த்து, அடி வளையம் தட்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். மெருகு அங்கேதான் தேங்கும். தேங்கிய இடத்தின் நிறம் வகையைச் சொல்லும்: க்ரீம்வேர் என்ற வகை என்றால் மஞ்சள் சாயல், பேர்ல்வேர் என்ற வகை என்றால் கோபால்ட் கலந்த நீலச் சாயல். என் தட்டில் நீலம் குளமாக நிற்கிறது. கரையில் ஓரிடத்தில் கொடியும் பூவும் பொருந்தாமல் முட்டிக்கொள்வதும் தெரிந்தது. அச்சிட்ட மெல்லிய தாளை வெட்டி ஒட்டிய இடம் அது. ஒரு தொழிலாளியின் கை அங்கே நின்றிருக்கிறது என்பதே எனக்குப் பரவசம்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் செய்த பீங்கான் நாய் பொம்மை ஜோடியைப் புற ஊதா விளக்கில் பார்த்தேன். ஒன்றின் காது மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது, அதாவது பிற்காலத்தில் பூசிய வண்ணம். அடியிலிருக்கும் காற்றுத் துளை இரண்டிலும் சிறியதுதான். களிமண்ணை அச்சில் கையால் அழுத்திச் செய்தவற்றில் துளை சிறிதாக இருக்கும். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி வார்த்த பிற்காலப் பிரதிகளில் பெரும்பாலும் பெரிது.

அடுத்து ஓர் இழைப்புச் சாம்ப்ளர் தேடுகிறேன். துணியில் வேண்டுமென்றே ஓட்டை வெட்டி, நெசவைப் போலவே நூலோடு நூல் பின்னி அடைக்கப் பழகிய துணி அது. அதில் பின்புறமும் முன்புறம் போலவே இருக்கும் என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.