கிழமரப் புத்தகம்

நான்காம் வகுப்பில், 1978ஆம் ஆண்டு, எங்கள் டீச்சர் ஒவ்வொருவரையும் இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று தலைமையாசிரியரின் பார்வைக்குப் போவது. அட்டை போட்டு, ஓரக்கோடு இழுத்து, சிவப்பு மையில் திருத்தம் பெறுவது. மற்றொன்றில் அவர் சிவப்பு மையைத் தொட்டதே இல்லை. அதற்கு அவர் வைத்த பெயர் கிழமரம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்று செம்பனைக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்க, புதிதாக வருகிறவரை நல்ல மரத்தில் கைவைக்க விடமாட்டார்கள். கத்தி சற்றே ஆழமாக இறங்கிவிட்டால் பட்டைக்கு அடியிலுள்ள தண்டில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அங்கே வெட்டுக்கோடு போடவே முடியாமல் போகும். ஆகையால் மறுநடவுக்காகச் சாய்க்கப்போகும் கிழமரங்களில்தான் புதியவர்கள் கை பழகுவார்கள். அங்கே எத்தனை காயம் பட்டாலும் கங்காணி ஏசமாட்டார்.

அந்தப் புத்தகத்தில் நான் அதிகமாகக் காயப்படுத்தியது நெடுவகுத்தலைத்தான். 4228ஐ 14ஆல் வகுக்கச் சொன்னால் 32 என்று எழுதிவிட்டு, முதல் ஆளாகக் கையைத் தூக்குவேன். டீச்சர் தவறு என்று சொல்லமாட்டார். “32ஐ 14ஆல் பெருக்கிக் கொண்டு வா” என்பார். 448 வரும். இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சங்கடம் இப்போதும் நினைவிருக்கிறது. முடியவில்லை டீச்சர் என்றால், “எது வரைக்கும் முடிந்தது?” என்பதே அவருடைய அடுத்த கேள்வி. 42இல் 14 மூன்று முறை போகும் என்ற வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து, இது வரைக்கும் சரி, இங்கிருந்து போ என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். கீழே இறக்கிய 2இல் 14 ஒரு முறைகூடப் போகாது என்பதையும், போகாததற்கும் ஒரு சுழியம் எழுத வேண்டும் என்பதையும் நானே கண்டுபிடித்து 302 என்ற விடைக்கு வர ஒன்பது பக்கங்கள் ஆயின. இடையில் ஒருநாள் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை; விடையைச் சொல்லவுமில்லை. மறுநாள் காலையில் அந்தப் புள்ளி வைத்த வரியைத்தான் மறுபடி திறக்கச் சொன்னார்.

அதற்காக அவர் எல்லாரையும் ஒரே மாதிரி விரட்டினார் என்று எண்ணிவிடக் கூடாது. அப்பாவும் அம்மாவும் ஐந்து மணிப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன பிறகு, தம்பி தங்கையை எழுப்பி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வருகிற பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். முதல் பாடத்தில் அவன் மேசைமேல் தலை சாய்த்தால் டீச்சர் எழுப்பமாட்டார். எழுந்ததும் தம் டப்பாவிலிருந்து இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கிழமரத்தைத் திறக்கச் சொல்வார். பசியும் தூக்கமுமாக இருக்கும் பிள்ளைக்கு விடாமுயற்சியைப் பற்றி உபதேசிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

என் அப்பா ஒரு மாலை அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். ஆனால் மதிப்பெண் எதுவுமில்லை. இது பள்ளிக்கூடத்துப் புத்தகம்தானா என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “நான் பழகும்போது கெடுத்த மரத்தையெல்லாம் எழுதினால் இதில் ஏடு போதாதும்மா” என்று சொல்லி, மறுநாள் கடையிலிருந்து இன்னொரு புத்தகமும் வாங்கி வந்தார்.

1981இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனோம்; தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறவர்கள் மலாய்வழிப் படிப்புக்குத் தயாராகும் ஓராண்டு வகுப்பு அது. அங்கே என் முதல் மலாய்க் கட்டுரை முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் இப்படித்தான் என்று ஒருவர் வகுப்பறையிலேயே சொன்னார். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அன்றிரவு மலாய்க்கென்று ஒரு கிழமரம் தொடங்கினேன்.

இப்போது மெல்பர்னில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகிய இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எங்கள் டீச்சரின் முகம்தான் கண்முன் வந்தது. சில புதிர்களை முடித்ததும் “நீ கெட்டிக்காரன்” என்ற பாராட்டைப் பெற்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், நன்றாக உழைத்தாய் என்ற பாராட்டைப் பெற்றவர்களைவிட, கடினமான புதிர்களில் தோற்ற பிறகு விரைவாகத் தளர்ந்தார்கள் என்றும், தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணை உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. எங்கள் டீச்சர் யாரையும் கெட்டிக்காரர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெறுமனே “நன்றாக முயன்றாய்” என்று சொல்லி அனுப்பியதும் இல்லை. எந்த வரியில் நின்றோம் என்று காட்டிவிட்டுத்தான் விடுவார். என் வகுப்பிலும் சிவப்பு மை படாத ஒரு புத்தகம் உண்டு. ரப்பர் மரத்தையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அதன் பெயர்க் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடுகிறது!

நம் முன்னாள் மாணவர் சங்கம் பல ஆண்டுகளாக, ஆறாம் வகுப்பில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வில் 7 ஏ (ஏழு தாள்களிலும் ஏ) எடுத்தவர்களுக்குப் பரிசு கொடுத்துவந்தது. அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டதால் பரிசுத் தொகையை என்ன செய்வதென்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. நாற்பது பக்கத்தில், அட்டையில் பள்ளியின் பெயர் மட்டும் அச்சிட்ட புத்தகங்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாக வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. செயலாளர் இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்தால், முதல் நூறு புத்தகங்களுக்கான பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன்.