70 மதிப்பெண்ணும் ஒரு தபால் உறைப் படமும்

இணைப் பேராசிரியர் உத்தரவு போன வாரம்தான் கைக்கு வந்தது. சி.ஏ.எஸ். என்கிற ஆசிரியர் பதவி உயர்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் புள்ளியியல் துறைக்காரர்களுக்காக, பட்ட பாடு மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியரின் ஊதிய லெவல் 12-இலிருந்து இணைப் பேராசிரியரின் 13ஏ-வுக்குப் போக, பல்கலைக்கழக ஆசிரியருக்கு மூன்று வருட சர்வீஸ், பிஎச்.டி., ஏழு கட்டுரைகள், அதில் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள், ஒரு பிஎச்.டி. மாணவருக்காவது வழிகாட்டிய சான்று, ஆய்வு மதிப்பெண் 70. மற்றதெல்லாம் சுலபமாக ஓடிவிட்டது. இழுத்தடித்தது அந்த 70தான்.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்கள், ஒன்றுக்குக் கீழே என்றால் கட்டுரைக்கு 10, இரண்டிலிருந்து ஐந்து என்றால் 20 என்று மதிப்பெண் ஏறுகிறது. நாம் ஒரு தேற்றத்தை நிரூபித்து, சிமுலேஷன் ஓட்டி, கட்டுரையை மதிப்பிடும் ரெஃப்ரியிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டு அதை வெளியிட இரண்டு வருடம் போய்விடும், அந்த ஜர்னலோ ஒன்றைத் தொடாது. மேற்கோள்கள் சில கட்டுரைகளிலேயே குவிந்து கிடக்கும், அப்படி ஒரு பக்கம் சாய்ந்த தரவுக்குச் சராசரி போடாதே, இடைநிலை பார் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம், நம்மை அளப்பது அதே சராசரியை வைத்துத்தான். இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், கூட்டினால் 140! நிகழ்தகவு நடத்துகிற எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, லாபம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

மூன்று பேர் எழுதியதில்தான் வினை. கட்டுரையின் முதல் ஆசிரியருக்கும், ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் தொடர்பு ஆசிரியருக்கும் 70 சதவீதம், மற்றவர்களுக்கு 30. மாணவி முதல் பெயர், நான் தொடர்பு ஆசிரியர். அதைக் காட்ட என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த குட்டித் தபால் உறைப் படம் ஜெராக்ஸில் கறுப்புப் புள்ளியாகிவிட்டது. சரிபார்த்தவர் 30 சதவீதம் போட்டார், மொத்தம் 66-இல் நின்றது. அப்புறம் ஜர்னலிலிருந்து எனக்கு வந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து, மற்ற இருவரிடமும் நான்தான் தொடர்பு ஆசிரியர் என்று கையெழுத்துக் கடிதம் வாங்கி, ஒருவர் வெளிநாட்டில் என்பதால் ஒன்பது நாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அந்தக் கடிதத்தை வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள், முதல் பக்கத்தைக் கலர் பிரின்ட் எடுங்கள்.

நேர்முகம் பத்து நிமிடம்தான். கட்டுரைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரியர் பில் இன்னும் கணக்குப் பிரிவில் கிடக்கிறது.